புதுப்பிப்பு: பெட்ஷீட் கடை வெப்சைட், ஆளை முடிவு செய்தாச்சு

எங்கள் சென்னிமலை பெட்ஷீட் கடைக்கு வெப்சைட் செய்ய இரண்டு பேர் விலை சொன்னார்கள், யாரிடம் கொடுக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். அதிகம் சொன்ன தம்பியிடமே கொடுத்துவிட்டேன்.

காரணம் டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர். குறைவாகச் சொன்னவர் அதைத் தன் பெயரில்தான் பதிவாராம். நாளைக்குப் பிரிந்தால் கடைப் பெயரே அவர் கையில். இந்தத் தம்பி என் மெயிலில், என் கார்டில் என்னையே பதிய வைத்தார்.

டிசைனுக்கு முன்னால் அவர் கேட்டது: "அக்கா, போன் பண்றவங்க முதல்ல என்ன கேப்பாங்க?" அளவு, அப்புறம் சாயம் போகுமா. இப்போது ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இருக்கிறது: 60க்கு 90 இன்ச், முதல் தடவை தனியாகத் துவைக்கவும். 4 எம்பி படங்களை 200 கேபிக்குக் குறைத்தார். என் பழைய போனிலும் சட்டென்று திறக்கிறது.

கடைசித் தவணை, பாஸ்வேர்டெல்லாம் கைக்கு வந்த பிறகுதான். டொமைனைக் கவனிக்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.