சங்கு ஐந்து மணிக்கா, ஐந்தரைக்கா? சுங்கை சிப்புட் ஒலி வரைபடம்

ஒட்டுப்பால்:
மலேசியாவில், பேராக்கில் இருக்கும் நம்ம ஊருக்கு ஒரு தம்பி ஒலி வரைபடம் போட்டிருக்கிறார். சுங்கை சிப்புட் படத்தில் ஒரு புள்ளியைத் தட்டினால் கோயில் மணி, இன்னொன்றைத் தட்டினால் ரொட்டிக்காரர் ஹாரன். நல்ல வேலைதான். ஆனால் ரப்பர் தோட்டத்துப் புள்ளியில் “ஆலைச் சங்கு, காலை 5.30” என்று எழுதி வைத்திருக்கிறார். யாரைக் கேட்டு எழுதினார்? சங்கு ஊதியது ஐந்து மணிக்கு. தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு திடல்தான், எனக்குத் தெரியாதா? ஐந்தரைக்கு என் அம்மா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு வாளியைத் தூக்கியிருப்பார்.

சிப்புட் குமரன்:
அண்ணே, அந்தப் படம் நான் செய்ததுதான். எண்பதுகளின் கடைசிவரை அங்கே பால் வெட்டிய ஒரு பாட்டி சொல்லித்தான் ஐந்தரை என்று போட்டேன். பால் மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு அந்த ஆலையும் இல்லை, சங்கும் இல்லை. அதனால் அங்கே எழுத்து மட்டும்தான் இருக்கிறது. கனடாவில் மர்ரே ஷேஃபர் என்ற இசைக்காரர் எழுபதுகளிலேயே வான்கூவர் நகரத்து ஒலிகளைப் பதிவு செய்திருக்கிறார். ஓர் ஊருக்கே உரிய ஒலி எது, எப்போதும் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒலி எது என்று பிரித்துப் பார்ப்பார்கள். அதைப் பற்றியும் யாராவது பேசினால் நன்றாக இருக்கும்.

ஒட்டுப்பால்:
கனடா இருக்கட்டும் தம்பி. சங்கு ஐந்து மணி.

கிராணி மகள்:
ஐந்தரைதான். தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த என் அப்பா சங்கு கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்துவார். நான் ஆறாம் வகுப்புப் படித்த 1987-ல்கூட அப்படித்தான்.

ஒட்டுப்பால்:
கிராணி வீட்டில் எல்லாம் அரை மணி நேரம் தாமதமாகத்தான் கேட்கும், மெத்தை கனம் அப்படி. எங்கள் வீட்டில் அம்மா நாலு மணிக்கே எழுந்து சோறு வடித்துவிடுவார். சங்கு எங்களை எழுப்பவில்லை, விரட்டியது. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், பிந்திப் போனால் மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் பாதிதான் நிற்கும். இது ஆபீசில் சம்பளப் பதிவேடான செக்ரோல் எழுதியவர்கள் வீட்டுக்குத் தெரியாது.

கிராணி மகள்:
நேரத்தைப் பற்றிப் பேசினால் மெத்தையை இழுக்கிறீர்கள். நீங்கள் தோட்டத்தை விட்டுப் போனது 1979 என்று போன மாதம் நீங்களே இங்கே எழுதினீர்கள். அதற்குப் பிறகு நடந்ததற்கு நீங்கள் எப்படிச் சாட்சி?

நெத்தி விளக்கு:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. சூரியனுக்கு அது தெரியுமா? மரத்துக்குத் தெரியுமா? பழைய ஐந்து மணிதான் புதிய ஐந்தரை. அண்ணன் சொல்வது 82-க்கு முன்னால், அக்கா சொல்வது 82-க்குப் பின்னால். முடிந்தது கதை.

ஒட்டுப்பால்:
என்ன முடிந்தது? அரசாங்கம் கடிகாரத்தைத் தள்ளினால் ஆபீஸ் கடிகாரமும்தானே தள்ளும்? துரை சூரியனைப் பார்த்தா சங்கு ஊதச் சொன்னார்? சுவரில் முள் ஐந்தில் நின்றால் சங்கு. முள் எப்போதும் ஐந்தில்தான் நிற்கும். 82 ஆனாலும் 92 ஆனாலும் ஐந்து.

கிராணி மகள்:
அந்தச் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததே என் அப்பா.

தைப்பிங் ஆள்:
உங்கள் சங்கு எங்கள் ஊர்வரை கேட்கும் என்று எங்கள் தாத்தா சொல்வார். விடியற்காலையில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் மேலே கொஞ்சம் சூடான காற்றும் இருந்தால் சத்தம் கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும், இது இயற்பியல்.

ஒட்டுப்பால்:
தைப்பிங்வரை கேட்டதாம்! நடுவில் மலை இருக்கிறது, கோலகங்சார் இருக்கிறது. உங்கள் ஊரில் மழைச் சத்தத்தை மீறி எது ஐயா கேட்கும்? முதலில் உங்கள் ஊருக்கு ஒரு வரைபடம் போடுங்கள், எல்லாப் புள்ளியிலும் ஒரே மழைதான் இருக்கும்.

தைப்பிங் ஆள்:
மழை பெய்தால் ஊர் சுத்தமாக இருக்கும். நீங்களும் முயற்சி செய்து பாருங்கள்.

சிப்புட் குமரன்:
சங்கை விட்டுவிட்டு இன்று கேட்கும் ஒலிகளுக்கு வரலாமா? பழைய பேப்பர் லாரியின் “சூராட் காபார் லாமா” ஒலிபெருக்கி இருக்கிறது. ரயில் பக்கம் 2015-ல் பாடாங் பெசார்வரை இடிஎஸ் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு பழைய டீசல் எஞ்சின் உறுமல் ரொம்பக் குறைந்துவிட்டது. சில கடைவீடுகளின் மாடியில் கூட்டை எடுத்து விற்பதற்காக வாலட் குருவியை வரவழைக்க ஒலிபெருக்கியில் போடும் கீச்சுக் கீச்சு இரவிலும் கேட்கிறது, குருவி வருகிறதோ இல்லையோ பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் வருவதில்லை. இன்னும் விட்டுப்போன தோட்டத்து ஒலி இருந்தால் சொல்லுங்கள்.

நெத்தி விளக்கு:
வெயில் காலத்தில் ரப்பர் காய் வெடிக்கும் சத்தம். பட்டென்று வெடித்துக் கொட்டை தகரக் கூரையில் விழுந்து உருளும். அது இல்லாமல் என்ன தோட்டம்? எங்காவது கொஞ்சம் பால் மரம் மிச்சம் இருந்தால் போய்ப் பதிவு செய், தம்பி.

கிராணி மகள்:
அருமை. தகரக் கூரை என்றதும் ஞாபகம் வந்தது, மாரியம்மன் திருவிழா உறுமிச் சத்தத்துக்கு எங்கள் கூரையே அதிரும்.

ஒட்டுப்பால்:
உறுமி அடித்தது லயத்துப் பையன்கள். கிராணி வீட்டுக் கதவு அன்றைக்கு முழுக்கச் சாத்தியிருக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

கிராணி மகள்:
பொய். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கோயில் கணக்கைப் பாருங்கள்.

ஒட்டுப்பால்:
கணக்கு எழுதியதும் உங்கள் அப்பாதானே.

நெத்தி விளக்கு:
அண்ணே, இது கொஞ்சம் அதிகம்.

ஒட்டுப்பால்:
எது அதிகம்? அரை மணி நேரத்தை ஏப்பம் விட்டால் அதிகம் இல்லையா? குமரன் தம்பி, 5.30-ஐ அடித்துவிட்டு ஐந்து என்று போடு. போடவில்லை என்றால் என் லயத்துப் புள்ளியை எடுத்துவிடு.

சிப்புட் குமரன்:
இரண்டு நேரத்தையும் போட்டுவிடுகிறேன் அண்ணே.

கிராணி மகள்:
இரண்டையும் போட்டால் என் புள்ளியை எடுத்துவிடுங்கள்.

தைப்பிங் ஆள்:
எங்கள் தாத்தாவும் ஐந்தரை என்றுதான் சொல்வார்.

ஒட்டுப்பால்:
உங்கள் தாத்தாவுக்குக் கேட்டது இடி.