பிஐடி 1-க்கு ஒரு வரி, பிறகு ஊப்ஸ்: பிராசஸ் பட்டியல் மாட்யூல்

#1
ஓடும் பிராசஸ்களைப் பட்டியலிடும் லினக்ஸ் கெர்னல் மாட்யூல் எழுதுகிறோம். ஃபார்_ஈச்_பிராசஸ் மேக்ரோ போட்டு, பிஐடியும் (பிராசஸ் எண்) காம் பெயரும் (நிரலின் சுருக்கப் பெயர்) அச்சிடும் வரை சிக்கலே இல்லை. நினைவக அளவும் தெரியட்டும் என்று டாஸ்க்->எம்எம்->டோட்டல்_விஎம் சேர்த்தால் கதை மாறுகிறது. டிமெஸ்ஜியில் (கெர்னல் பதிவேடு) பிஐடி 1 மட்டும் வரும், அடுத்ததே நல் பாயின்டர் ஊப்ஸ் (கெர்னல் பிழை அறிக்கை). பிஐடி 2 கேத்ரெட்டி, கெர்னல் த்ரெட். அதற்குப் பயனர் முகவரிப் பரப்பு கிடையாது, அதைச் சுட்டும் எம்எம் நல்தான் (எதையும் சுட்டாத பாயின்டர்). இதற்குப் பிறகு மாட்யூலை நீக்க ஆர்எம்மாட் கொடுத்தாலும் மாட்யூல் நகராது, இனிட் ஃபங்ஷன் முடியவே இல்லையே! ரீபூட்தான். விர்ச்சுவல் மெஷினில் மட்டும் செய்யுங்கள்.

#2
இஃப் போட்டு எம்எம் நல் ஆக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் தீர்ந்தது. புதிய கெர்னலில் டாஸ்க்->ஸ்டேட் என்றால் கம்பைலே ஆகாது, அதையும் கவனியுங்கள். கெர்னல் 5.14 முதல் பிராசஸ் நிலையைச் சொல்லும் அந்தப் புலத்தின் பெயர் __ஸ்டேட்.

#3
#2 சொல்வது தீராது. இஃப் சரிபார்த்த கணத்துக்கும் டோட்டல்_விஎம் படிக்கும் கணத்துக்கும் நடுவில், இன்னொரு சிபியூவில் அந்த பிராசஸ் எக்ஸிட் ஆகலாம். பட்டியலைச் சுற்றும்போது பிடிக்கும் ஆர்சியூ_ரீட்_லாக் காப்பாற்றுவது டாஸ்க்_ஸ்ட்ரக்டை (பிராசஸ் பற்றிய கெர்னல் பதிவு), எம்எம்மை அல்ல. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான், ஏனென்றால் நூறு முறை ஓட்டினாலும் பிழை தலைகாட்டாமல் போகலாம்.

கெட்_டாஸ்க்_எம்எம் கொண்டு எம்எம்முக்கு ஒரு ரெஃபரன்ஸ் (அது விடுவிக்கப்படாமல் வைத்திருக்கும் பிடி) எடுத்து, படித்து, எம்எம்புட் கொடுத்து அதை விடுவது முறையான வழி. ஆனால் கடைசி ரெஃபரன்ஸ் உங்கள் கையில் இருந்தால் எம்எம்புட் தூங்கக்கூடும். ஆர்சியூ_ரீட்_லாக்கிற்குள் தூங்கக் கூடாது. ஒரு எண்ணைப் படிக்க மட்டும் என்றால் டாஸ்க்_லாக் போதும். எக்ஸிட் ஆகும் பிராசஸும் அதே லாக்கைப் பிடித்துத்தான் எம்எம்மை நல் ஆக்குகிறது. லாக், நல் சோதனை, எண்ணை நகலெடு, அன்லாக், அதற்குப் பிறகே பிரின்ட்கே (கெர்னலின் அச்சு ஃபங்ஷன்). ஜாம்பிகளுக்கும் (முடிந்தும் பட்டியலில் இருந்து நீங்காத பிராசஸ்கள்) எம்எம் நல் என்பதால் அவையும் இந்தச் சோதனையிலேயே கழிந்துவிடும்.

விடையைச் சரிபார்க்க: டோட்டல்_விஎம் பேஜ் கணக்கு. பேஜ் 4 கேபி என்றால் 4-ஆல் பெருக்கி, பிராக் ஸ்டேட்டஸ் கோப்பிலுள்ள (/proc/பிஐடி/status) விஎம்சைஸோடு ஒப்பிடுங்கள். காம் பெயர் 15 எழுத்தில் வெட்டுப்பட்டிருந்தால் அது உங்கள் பிழையில்லை, இடமே முடிவுக்குறியோடு 16 பைட்தான். த்ரெட்களும் வேண்டுமென்றால் ஃபார்_ஈச்_பிராசஸ்_த்ரெட். சாதாரண ஃபார்_ஈச்_பிராசஸ் மேக்ரோ ஒவ்வொரு த்ரெட் குழுவின் தலைவரை மட்டுமே காட்டும்.

#4
கொஞ்சம் விலகல். கில் -9 கொடுத்தும் சாகாத, டி நிலையில் (சிக்னலுக்கும் எழாத தூக்கம்) நிற்கும் பிராசஸ். ஸ்டேட்டஸ் கோப்பில் ஷேர்டு பென்டிங் (ShdPnd, காத்திருக்கும் சிக்னல்கள்) வரியைப் பாருங்கள்: 0000000000000100. ஹெக்ஸில் 100 என்றால் ஒன்பதாவது பிட்: சிக்னல் 9 போய்ச் சேர்ந்துவிட்டது, எடுத்துப் பார்க்க பிராசஸ் எழவில்லை. ரூட்டாக அதன் பிராக் ஸ்டாக் கோப்பைத் திறந்தால் எந்த ஃபங்ஷனில் தூங்குகிறது என்று தெரியும். இதற்காகத்தான் கெர்னல் 2.6.25-ல் டாஸ்க்_கில்லபிள் (கொல்லும் சிக்னலுக்கு மட்டும் எழும் தூக்க நிலை) வந்தது. சொந்த டிரைவரில் காத்திருக்க வேண்டுமானால் வெயிட்_ஈவென்ட் வேண்டாம், வெயிட்_ஈவென்ட்_கில்லபிள் போடுங்கள். திரும்பி வரும் மதிப்பைக் கட்டாயம் சோதியுங்கள். பூஜ்யம் இல்லையென்றால் நீங்கள் காத்திருந்த நிகழ்வு நடக்கவில்லை, பஃபரைத் தொடாமல் வெளியேற வேண்டும்.