பழைய பாஸ்வேர்ட் டேபிள்: ரிலீஸுக்கு முன்னாடியே சரிசெய்யச் சொல்லலாமா?

கேள்வி:
கிளையன்ட் ஒருவரின் பழைய பிஎச்பி தளம் எங்கள் டீமுக்கு வந்திருக்கிறது. யூசர் டேபிளைத் திறந்தால் பாஸ்வேர்ட் எல்லாம் எம்டி5 (பாஸ்வேர்டைக் குறியீடாக மாற்றும் பழைய ஹாஷ் முறை, வேகமாக ஊகித்து உடைத்துவிடலாம்), சால்ட் (ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் சேர்க்கும் தனித்தனி எழுத்துகள்) கிடையாது. லீடிடம் சொன்னேன். "இந்த ரிலீஸ் பேமென்ட் பேஜுக்கு மட்டும். கேட்காத வேலைக்கு யார் பில் போடுவது? எல்லாரையும் பாஸ்வேர்ட் மாற்றச் சொன்னால் சப்போர்ட் போன் ஓயாது" என்கிறார். அவர் கஷ்டம் புரிகிறது, ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்வது?

பதில் 1:
யூசர் யாரையும் தொந்தரவு செய்யாமலே முடிக்கலாம். டேபிளில் இருக்கும் எம்டி5 ஹாஷையே பிகிரிப்ட்டில் (மெதுவாக இயங்குவதால் உடைக்கக் கடினமான ஹாஷ் முறை) போட்டு, வருவதைச் சேமித்துவிட்டுப் பழையதை அழியுங்கள். லாகினில் முதலில் எம்டி5, அதன்மேல் பிகிரிப்ட் சரிபார்ப்பு. யூசர் உள்ளே வரும்போது அசல் பாஸ்வேர்ட் கையில் கிடைக்கிறதே, அதை அப்போதே நேரடி பிகிரிப்ட்டாக மாற்றிவிடலாம். எம்டி5-ஐ ஹெக்ஸ் எழுத்துகளாகவே கொடுங்கள். பைனரியாகக் கொடுத்தால் நடுவில் பூஜ்ய பைட் வந்து, பிகிரிப்ட் அதை முடிவென்று எடுத்து வம்பாகிவிடும். பழைய பேக்கப்புகளிலும் அந்த எம்டி5 இருக்கும், அவற்றையும் பாருங்கள்.

2012-ல் லிங்க்டுஇன்னில் இருந்து கசிந்தவையும் இப்படித்தான், சால்ட் இல்லாத எஸ்எச்ஏ-1 (எம்டி5 போலவே வேகமான முறை) ஹாஷ்கள். முதலில் வெளிவந்தது சுமார் 65 லட்சம். 2016-ல் பார்த்தால் 11 கோடிக்கும் மேல். மெயிலுக்கும் அதே பாஸ்வேர்ட் வைத்திருப்பவர்கள் நம்மை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் இந்த மீட்டிங்கில் இல்லை, அவர்களுக்காக நீங்கள்தான் பேச வேண்டும்.

பதில் 2:
ரிலீஸ் வாரத்தில் லாகின் கோடில் கைவைப்பது ஆபத்து. யாருமே உள்ளே வர முடியாமல் போனால் அதுவும் யூசருக்குச் செய்யும் கெடுதல்தான். தேதி குறித்து, கிளையன்ட்டையும் சேர்த்து மெயில் போடுங்கள். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் அதில் எழுதுங்கள்.

பதில் 1:
மெயில் அவசியம், ஒத்துக்கொள்கிறேன். தள்ளிப்போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பேமென்ட் பேஜ் வந்துவிட்டால் உடைபட்ட பாஸ்வேர்டின் பின்னால் பணமும் இருக்கும். முதலில் இதைத் தனி ரிலீஸாக விடுங்கள், பேமென்ட் சில நாள் பொறுக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
லீடிடம் இப்படியே சொல்லிப் பார்க்கிறேன். டேபிளில் பாஸ்வேர்டுக்கான பத்தி (column) 32 எழுத்துக்குத்தான் இருக்கிறது, பரவாயில்லையா?

பதில் 1:
பிகிரிப்ட்டுக்கு 60 எழுத்து வேண்டும். முதலில் 255 ஆக்குங்கள். டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் ஸ்ட்ரிக்ட் மோடில் (நீளம் மீறினால் எரர் தரும் அமைப்பு) இல்லையென்றால் மிச்சத்தை வெட்டிவிட்டு எரர் இல்லாமல் சேமித்துவிடும், பிறகு ஒருவராலும் லாகின் செய்ய முடியாது.