ஸ்மித்ஃபீல்ட், கிளார்க்கன்வெல் பக்கம் பிரிட்டிஷ் சாப்பாடு: போய்ச் சாப்பிட்டவங்க விவரம் சொல்லுங்க

கேட்டவர்

லண்டன் ஃபாரிங்டன் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் நவீன பிரிட்டிஷ் சமையலுக்கு எங்கே போகலாம்? மீன் சிப்ஸ் வேண்டாம். அந்த ஊர் இறைச்சி, மீன், காய்களை வைத்து இன்றைக்குச் சமைக்கிற சாப்பாடு வேண்டும். என்ன கேட்டு வாங்கணும், எது சரியா வராது, எப்போது போகணும், மாட்டிறைச்சி சாப்பிடாதவங்க கூட வந்தால் என்ன செய்யலாம்?

ஃபாரிங்டன் பக்கத்து ஆள்

முதலில் செயின்ட் ஜான் தெரு 26ஆம் எண். கடை பெயரும் செயின்ட் ஜான்தான். 1994இல் ஃபெர்கஸ் ஹெண்டர்சனும் ட்ரெவர் கலிவரும் திறந்தது. பன்றி இறைச்சிக்குப் புகை போட்டுக்கொண்டிருந்த பழைய கட்டடம். நாலு எட்டு வைத்தால் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தை. வெள்ளைச் சுவர், சட்டை மாட்டும் ஆணி, காகிதம் விரித்த மேசை, அவ்வளவுதான். ஒரு மிருகத்தை அறுத்தால் மூக்கிலிருந்து வால்வரை சமைப்பதே மரியாதை என்று இந்தக் கடை எடுத்த நிலைதான் பிறகு ஊர் முழுக்கப் பரவியது. ஈரல், நாக்கு, நல்லி, குடல் எல்லாம் நமக்குப் புதிதில்லை. மசாலா இல்லாமல் அவற்றை எப்படி ருசிக்க வைக்கிறார்கள் என்பதைத்தான் அங்கே கவனிக்கணும்.

மெனு வேளைக்கு வேளை மாறும். அதில் வர்ணனை இருக்காது. நாலு சொல், விலை. 'நாக்கு, பீட்ரூட்' என்று எழுதியிருந்தால் தட்டில் நாக்கும் பீட்ரூட்டும்தான் வரும். தொட்டுக்கொள்ளக் காய் தனியாக வாங்கணும். இது தெரியாமல் ஆளுக்கு ஒரு இறைச்சி மட்டும் சொல்லிவிட்டு, மேசை வெறிச்சோடிக் கிடக்கிறதே என்று நினைப்பவர்கள் நிறைய. இரண்டு பேர் போனால் முன்சாப்பாடு இரண்டு, பெரிய தட்டு இரண்டு, கீரை அல்லது உருளை ஒன்று, கடைசியில் இனிப்பு ஒன்று. இது போதும்.

இனிப்பில் இரண்டு விஷயம். ஒன்று எக்கிள்ஸ் கேக்: மடிப்பு மடிப்பான மாவுக்குள் உலர்ந்த சிறு திராட்சை, வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, ஜாதிக்காய். அதோடு லங்காஷயர் சீஸ் ஒரு துண்டு வரும். சீஸை ஒதுக்கி வைக்காதீங்க. இனிப்பும் உப்பும் சேர்ந்த கடியில்தான் அதன் ருசி. இன்னொன்று மேட்லின் என்கிற சின்னச் சின்ன கேக். கேட்ட பிறகுதான் அடுப்பில் வைப்பார்கள், கால் மணி நேரம் ஆகும். பெரிய தட்டு வந்ததுமே சொல்லி வைத்துவிடணும்.

உள்ளறைக்கு, அதுவும் வெள்ளி சனி இரவுக்கு, நாள் இருக்கும்போதே இடம் பதியணும். முதல் தடவை போகிறவர்களுக்கு முன்பக்கத்து பார்தான் என் சிபாரிசு. அங்கே முன்பதிவு தேவையில்லை, மெனுவும் சின்னது. ஒரு வெல்ஷ் ரேர்பிட் (சீஸ் போட்ட டோஸ்ட்), ஒரு நல்லி, ஒரு குவளை என்று முடித்துக்கொள்ளலாம்.

சமையல்கட்டு ஆள்

நல்லி என்று சொன்னீங்க, அதைக் கொஞ்சம் விரிக்கிறேன். செயின்ட் ஜானின் அடையாளமே வறுத்த நல்லியும் பார்ஸ்லி சாலட்டும்தான். கன்றுக்குட்டியின் கால் எலும்பை ஏழெட்டு சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்து, நிமிர்த்தி வைத்து, சூடான அடுப்பில் வறுத்துத் தருவார்கள். பக்கத்தில் பார்ஸ்லி, சின்ன வெங்காயம், கேப்பர் மொட்டு, எலுமிச்சை, டோஸ்ட், ஒரு குவியல் ஈரமான சாம்பல் நிறக் கடலுப்பு.

சாப்பிடும் முறை முக்கியம். நீளக் கரண்டியால் உள்ளே இருப்பதை வழித்து டோஸ்டில் தடவி, அதன் மேல் உப்பு, அதற்கும் மேல் சாலட். நல்லியில் உப்பு போட்டிருக்க மாட்டார்கள். உப்பை மறந்தால் வெறும் கொழுப்பாக நாக்கில் ஒட்டும். சப்பென்று இருக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். டோஸ்ட் ஆறுவதற்குள் சாப்பிடணும், ஆறினால் கொழுப்பு உறைந்துவிடும்.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு: கசாப்புக் கடையில் காலின் நடுப்பகுதியைக் கேளுங்க. மூட்டுப் பக்கம் எலும்பு பஞ்சுபோல் இருக்கும், உள்ளே வழிக்க ஒன்றும் கிடைக்காது. உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, நடுவில் தண்ணீர் மாற்றினால் ரத்தம் இறங்கி வெளுப்பாக வரும். 220 முதல் 230 டிகிரியில் சுமார் 20 நிமிடம். 15ஆவது நிமிடத்திலிருந்தே பார்க்க ஆரம்பிங்க. கத்தி நுனியைக் குத்தினால் தடையில்லாமல் இறங்கணும், தொட்டால் தளதளவென்று ஆடணும். நடுவில் இளஞ்சிவப்பு தெரிந்தால் வேகவில்லை. அடியில் எண்ணெய் தேங்க ஆரம்பித்தால் பக்குவம் கடந்துவிட்டது. அப்புறம் எலும்புக்குள் ஓட்டைதான் மிஞ்சும், திருப்ப வழியில்லை.

பார்ஸ்லியைப் பொடியாக அரியக் கூடாது. ஒன்றிரண்டு வெட்டு, இலை இலையாக நிற்கணும். பொடித்தால் சாறு விட்டு நசநசத்துப் போகும். எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் பரிமாறும் நேரத்தில்தான். இந்தப் புளிப்பும் பச்சை வாசமும்தான் அந்தக் கொழுப்பைத் தாங்குகிறது. சாலட் பக்கத்து அலங்காரம் இல்லை, பாதிச் சாப்பாடே அதுதான்.

ஃபாரிங்டன் ரோடு வாசகர்

குவாலிட்டி சாப் ஹவுஸை இன்னும் யாரும் சொல்லவில்லையே! ஃபாரிங்டன் ரோட்டில், 1869லிருந்து இருக்கிற சாப்பாட்டுக் கடை. உழைப்பாளிகளுக்கு உணவு தருபவர் என்று பொருள்படும் பழைய எழுத்து இன்னமும் கண்ணாடியில் இருக்கிறது. இப்போது விலை உழைப்பாளி விலை இல்லை, அதைத் தெரிந்துகொண்டு போங்க. பழைய மரப் பெஞ்சுகள் பாதுகாக்கப்பட்டவை, குறுகலானவை. முதுகு வலி உள்ளவர், பெரியவர் யாராவது வந்தால் நாற்காலி உள்ள அறையில் இடம் வேண்டும் என்று பதியும்போதே கேட்டுவிடுங்க.

சாப் என்பது விலா எலும்போடு சேர்ந்த கனமான துண்டு. பெரிய துண்டுகளுக்கு எடை பார்த்துத்தான் விலை. 'இரண்டு பேருக்கு எது சரி, மொத்தம் எவ்வளவு ஆகும்' என்று வாய்விட்டுக் கேளுங்க. அங்கே அது கூச்சப்பட வேண்டிய கேள்வியே இல்லை. பன்றி சாப் வாங்கினால் ஓரத்துக் கொழுப்பை வெட்டி ஒதுக்காதீங்க. நல்ல வளர்ப்புப் பன்றிக்குக் கொடுக்கிற காசின் பாதி அந்தக் கொழுப்புக்குத்தான்.

ஆனால் அந்தக் கடையை ஊரறியச் செய்தது உருளைக்கிழங்கு. மெல்லிய சீவல்களைக் கொழுப்பில் புரட்டி, அடுக்கி, வேகவைத்து, அழுத்தி, ஆறவைத்து, கட்டிகளாக வெட்டிப் பொரிப்பது. வெளியே மடிப்பு மடிப்பாக மொறுமொறு, உள்ளே வெண்ணெய். முதல் தட்டு வந்ததும் இரண்டாவதைச் சொல்லத் தோன்றும், சொல்லிவிடுங்க.

சமையல்கட்டு ஆள்

அந்த உருளைக்கு அளவு: மாரிஸ் பைப்பர் வகை உருளை 1 கிலோ, வாத்துக் கொழுப்பு 100 முதல் 125 கிராம், உப்பு ஒரு மேசைக்கரண்டி. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் சீவணும். சீவிய பிறகு கழுவவே கூடாது, அந்த மாவுச்சத்துதான் பசை. பேக்கிங் தாள் விரித்த தட்டில் அடுக்கி, மேலேயும் தாள் மூடி, 120 டிகிரியில் 3 மணி நேரம். வெளியே எடுத்து மேலே இன்னொரு தட்டும் கனமான டப்பாக்களும் ஏற்றி, ஓர் இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைக்கணும். மறுநாள் குளிர்ச்சி இறங்குவதற்குள் வெட்டி, 190 டிகிரி எண்ணெயில் நாலைந்து நிமிடம் பொரிக்கணும்.

பிரிந்து போகிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்று: கழுவிவிட்டீர்கள், பாரம் போதவில்லை, அல்லது குளிர் இறங்கிய பிறகு எண்ணெயில் போட்டீர்கள். சாலட்டுக்கு வாங்குகிற பிசுபிசுப்பான உருளை வேண்டாம், அதில் ஒட்டுவதற்கான மாவு குறைவு.

லூயிஷம் தமிழர்

மாட்டிறைச்சி சாப்பிடாதவையும் சைவக்காரரும் கவனிக்க வேண்டியதைச் சொல்லுறன். இந்தக் கடைகளில ஆபத்து இறைச்சித் தட்டில இல்லை, மற்றத் தட்டில்தான். சூவெட் எண்டால் மாட்டின்ர சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கிற கொழுப்பு. ஆவியில் அவிக்கிற புடிங் மாவிலும் பை (pie) மாவிலும் இருக்கும், இனிப்புப் புடிங்கிலயும்தான். ட்ரிப்பிங் எண்டாலும் மாட்டுக் கொழுப்பு, சிப்ஸ் அதில பொரிச்சிருக்கலாம். உருளை எந்தக் கொழுப்பில எண்டு கேளுங்கோ. வாத்தா மாடா எண்டு அவை சொல்லுவினம். லார்ட் பன்றி நெய்.

வெல்ஷ் ரேர்பிட் பார்க்கச் சைவம் மாதிரி: சீஸ், கடுகு, கருப்பு பியர், டோஸ்ட். ஆனால் அதில ஊற்றுற வூஸ்டர் சோஸில நெத்தலி மாதிரியான ஆஞ்சோவி மீன் இருக்கு. இங்கத்தைய வூஸ்டர் சோஸில பார்லி வினிகரும் இருக்கிறதால குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவையும் பார்க்க வேணும்.

பெயரை நம்பி ஏமாறுற சிலது: ஸ்வீட்பிரெட் இனிப்பும் இல்லை, பாணும் இல்லை; கன்று அல்லது ஆட்டுக்குட்டியின்ர தைமஸ் சுரப்பி. பிளாக் புடிங் பன்றி ரத்தம். பிரான் எண்டு இருந்தால் தலைக்கறியை அவிச்சுக் கட்டியாக்கினது, றால் இல்லை. டெவில்ட் கிட்னி எண்டால் கடுகு, மிளகாய்த்தூள், வூஸ்டர் சோஸ் போட்ட ஆட்டுச் சிறுநீரகம். இலங்கையில நாங்கள் டெவில் எண்டு சாப்பிடுற குடைமிளகாய், வெங்காயப் பிரட்டலை நினைச்சுக்கொண்டு வாங்காதேங்கோ. ஹலால் இறைச்சி வேணுமெண்டால் இந்தத் தெருவில முதலே தொலைபேசியில கேட்காமல் போறது சரியில்லை. பதினாலு வகை ஒவ்வாமைப் பொருள் பற்றிக் கேட்டால் விவரம் தர வேண்டியது சட்டம், அதனால தயங்காமல் கேளுங்கோ.

கேட்டவர்

நன்றி. செப்டம்பர் கடைசியில் வருவதா, ஏப்ரலா என்று இன்னும் முடிவாகவில்லை. பருவம் பார்த்து எது நல்லது?

ஃபாரிங்டன் பக்கத்து ஆள்

செப்டம்பர் என்றால் காட்டுப் பறவை. க்ரவுஸ் வேட்டை ஆகஸ்ட் 12இல் தொடங்கி டிசம்பர் 10 வரை. பார்ட்ரிட்ஜ் செப்டம்பர் 1, ஃபெசன்ட் அக்டோபர் 1 முதல், இரண்டும் பிப்ரவரி 1 வரை. க்ரவுஸ் வளர்ப்புப் பறவையே இல்லை, மேட்டு நிலப் புதர்ச்செடியைத் தின்று வளர்வது. அதனால் கறி கருத்து, கொஞ்சம் கசந்து, ஈரல் வாசம் அடிக்கும். முழுப் பறவை ஒருவருக்கு. உள்ளே சிவப்பாகத்தான் தருவார்கள். நன்றாக வேகவைத்துக் கொடுங்க என்று கேட்டால் உலர்ந்து கசப்பு ஏறிவிடும். சிவப்பு பிடிக்காதென்றால் இதை வாங்காமல் பார்ட்ரிட்ஜ் வாங்குங்க, அது சாது. மெதுவாக மெல்லுங்க: துப்பாக்கிக் குண்டுச் சிதறல் ஒன்றிரண்டு கறிக்குள் தங்கியிருக்கும், பல் உடையும். கூட வருகிற வெள்ளைக் குழம்பு பிரெட் சாஸ். கிராம்பு, வெங்காயம், பிரியாணி இலை ஊறிய பாலில் ரொட்டித்தூள் சேர்த்தது. பறவையின் கசப்பை அடக்குவது அதுதான், ஒதுக்கி வைக்காதீங்க.

ஏப்ரல் என்றால் வேறு உலகம். ஆஸ்பராகஸ் ஏப்ரல் 23 வாக்கில் தொடங்கி ஜூன் மூன்றாம் வாரத்தோடு முடியும். ஜெர்ஸி தீவின் புது உருளையும் அப்போதுதான். ஆகவே ஏப்ரல் முதல் வாரம் வராமல் மே முதல் வாரம் வந்தால் இரண்டும் கிடைக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் குளிர்காலக் காய் முடிந்து புதுசு வராத இடைவெளி, மெனு கொஞ்சம் வறண்டிருக்கும். இனிப்புகளில் போடுகிற புளிப்புத் தண்டான இளஞ்சிவப்பு ரூபார்ப் கேட்டால் அது ஜனவரி முதல் மார்ச் வரை. யார்க்‌ஷயரில் இருட்டுக் கொட்டகையில் வளர்த்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பறிப்பது.

எனக்குச் செப்டம்பர் கடைசிதான்.

ஃபாரிங்டன் ரோடு வாசகர்

ஈகிள் பற்றி ஒரு வரி: அதே ஃபாரிங்டன் ரோட்டில், 1991இல் தொடங்கிய பப். பப்பில் நல்ல சாப்பாடு என்கிற வழியைத் திறந்தது அது. கரும்பலகையில் மெனு, பாரில் போய்ச் சொல்லிக் காசு கட்டணும், தீர்ந்ததைப் பலகையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ருசி ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் சாயும், சுத்த பிரிட்டிஷ் என்று எதிர்பார்க்காதீங்க. ஒரு மணிக்குப் போனால் நின்றுகொண்டு சாப்பிட நேரும், பன்னிரண்டரைக்கே போங்க.

சந்தையையும் பார்க்கணும் என்றால் வார நாளில் காலை 7 மணிக்குள் ஸ்மித்ஃபீல்ட் வந்துவிடணும், அதற்குப் பிறகு வெட்டுக்கட்டைகளைக் கழுவத் தொடங்கியிருப்பார்கள். கட்டடம் 1868இல் ஹொரஸ் ஜோன்ஸ் கட்டியது. எலிசபெத் ரயிலில் வந்தால் ஃபாரிங்டனில் இறங்கி பார்பிகன் பக்க வாசல் வழியாக வெளியே வாங்க, சந்தை எதிரிலேயே. ஈகிளுக்கும் சாப் ஹவுஸுக்கும் என்றால் கௌக்ராஸ் தெரு வாசல்.

லூயிஷம் தமிழர்

பில் வரேக்க சேவைக் கட்டணம் பன்னிரண்டரை சதவீதம் எண்டு பெரும்பாலும் சேர்த்திருப்பினம். விருப்பக் கட்டணம் எண்டு போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2024 அக்டோபரில இருந்து அந்தக் காசு முழுக்க வேலை செய்யிறவைக்கே போக வேணும் எண்டு சட்டம், அதனால சேவை நல்லா இருந்தால் விட்டுவிடுங்கோ. அதுக்கு மேல மேசையில வைக்கத் தேவையில்லை. தண்ணி கேட்டால் 'டாப் வாட்டர்' எண்டு சொல்லுங்கோ, மது விக்கிற கடையெண்டால் காசில்லாமல் தர வேணும். வெறுமனே தண்ணி எண்டு கேட்டால் போத்தல் வரக்கூடும்.