ரூட் என்பதற்கு ‘வழிவிதி’ எப்படி?

வணக்கம் நண்பர்களே,

> பஸ் ரூட்டை வழித்தடம் என்கிறோமே, வலைச் செயலிக்கும் அதுவே போதாதா?

வலைச் செயலியில் ரூட் என்பது, எந்த முகவரிக்கு வரும் கோரிக்கை நிரலின் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வரி. அதற்கும் வழித்தடம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வழு (நிரலில் உள்ள பிழை) தேடும்போது அந்தச் சொல் கைகொடுக்காது.

ரெயில்ஸில் (ரூபி மொழியில் வலைச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) எழுதிய ஒரு நூலகச் செயலி என்று வைத்துக்கொள்வோம். ரூட் கோப்பில் ‘/நூல்கள்/:எண்’ (‘:எண்’ உள்ள இடத்தில் எந்தச் சொல் வந்தாலும் பொருந்தும்) மேலே, ‘/நூல்கள்/தேடல்’ அதற்குக் கீழே. தேடல் பக்கத்தைத் திறந்தால் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்ற பிழை. லாகை (செயலி எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு) பார்த்தால், கோரிக்கை தேடல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நூலைக் காட்டும் செயலுக்குப் போய், ‘தேடல்’ என்பதையே எண்ணாக எடுத்துக்கொண்டு, அப்படியொரு நூல் இல்லை என்று திரும்பியிருக்கிறது. ‘ரெயில்ஸ் ரூட்ஸ்’ என்று கட்டளை கொடுங்கள். பெயர், வினை (கெட், போஸ்ட் முதலியவை), முகவரி வடிவம், போய்ச்சேரும் கண்ட்ரோலர் (கோரிக்கையைக் கையாளும் நிரல் பகுதி) என ஒவ்வொன்றும் வரிசையாக வரும். கோப்பில் உள்ள அதே வரிசை. மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் பொருந்துவதோடு ரெயில்ஸ் நின்றுவிடும். இரண்டு வரிகளையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

இதில் யாரும் எந்தத் தடத்திலும் பயணம் போகவில்லை. விதிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பதுதான் நடக்கிறது. ஒரே முகவரிக்கு கெட் வந்தால் ஒரு செயல், டெலீட் வந்தால் வேறு செயல். பாதை ஒன்றுதான், விதி இரண்டு. அதனால் ரூட் = வழிவிதி என்கிறேன். ‘மேலே உள்ள வழிவிதி கீழே உள்ளதை மறைக்கிறது’ என்று வழு அறிக்கையில் எழுதினால் புதிதாக வருபவருக்கும் புரியும். ரூட்டிங்குக்கு வழிப்படுத்தல். ரீடைரக்ட்டுக்கு (ஒரு முகவரிக்கு வந்தவரை வேறு முகவரிக்கு அனுப்புவது) வழிமாற்று என்ற சொல் விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே புழங்குவதால் மூன்றும் ஒரே குடும்பமாக அமையும்.

மற்ற பரிந்துரைகள்: திசைவி பிணையக் கருவிக்கு நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். நெறி என்றால் நெறிமுறையோடு குழம்பும். ஆற்றுப்படுத்தல் எனக்கு மிகவும் பிடித்த சொல், விட மனமில்லை. ஆனால் இலங்கையில் உளவள ஆலோசனைக்கு அது அன்றாடம் வழங்குகிறது.

அப்புறம், எதிலும் பொருந்தாத முகவரிகளையெல்லாம் பிடிக்க நட்சத்திரக் குறியோடு ஒரு வரி எழுதுவோமே, கடைசியில் இல்லாவிட்டால் தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் விழுங்கிவிடும் அந்த வரி. அதற்கு ‘எச்சவிதி’ சரியாக வருமா? இலக்கணத்தின் எச்சம் நினைவுக்கு வந்து இடறுமோ என்று தயக்கமாக இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.