பொருள்: "எட்டாப் புரதம்" சரிவருமா?

வணக்கம் எல்லாருக்கும்,

பிறபொருளெதிரி (antibody, அந்நியப் பொருளில ஒட்டிப் பிடிக்க உடம்பு செய்யிற புரதம்) லேசில பிடிக்க ஏலாத புரதங்களுக்குத் தமிழ்ச் சொல்லா அண்ணா போன கிழமை போட்ட "எட்டாப் புரதம்" காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா களுவாஞ்சிக்குடியில ஏ.எல் பயோ படிப்பிக்கிற எனக்கு மனசு ஒத்து வரல்ல. எட்டாதது எண்டா கலத்துக்கு உள்ளுக்குக் கிடக்கிற புரதம், பிறபொருளெதிரி பெரிய மூலக்கூறு, கலத்தச் சுத்தியிருக்கிற மென்சவ்வத் தாண்டி லேசில உள்ள போகாது. நாம கதைக்கிறது கலத்துர மேற்பரப்பிலயே நிக்கிற சாமான். எட்டுது, பிடிக்கத்தான் இடமில்ல.

வெளிய இருந்து வாற சைகைய கலத்துக்குள்ள கடத்துற ஜிபிசிஆர் (GPCR) வாங்கிகளையே பாருங்க. மனிசருக்கு கிட்டத்தட்ட 800 இருக்கு, மென்சவ்வ 7 தரம் ஊசியால தைச்ச மாதிரிக் கிடக்கும், கனக்க வாங்கிகள்ல வெளிய தெரியிறது கொஞ்ச வளையமும் ஒரு வாலும்தான். சவ்வில இருந்து கழட்டினா கரையில ஒதுங்கின சொறிமுட்டை மாதிரி உருவம் குலைஞ்சிரும், அந்தக் குலைஞ்ச உருவத்த எலிக்கு ஏத்தி எடுத்த பிறபொருளெதிரி உண்மையான கலத்தில போய் ஒட்டாது. மறுகா இன்னொரு கரைச்சல், எலிர புரதமும் நம்மட புரதமும் அச்சொட்டா இருந்தா எலிர உடம்பு அத அந்நியமாவே எடுக்காது, அதாலதான் கோழிக்கு ஊசி போட்டுப் பாக்கிறாங்க. ஒட்டகம், லாமாவில எடுக்கிற சின்னப் பிறபொருளெதிரித் துண்டுகள் எண்டா வாங்கிர குழிக்குள்ளயும் நுழையும்.

கல்யாணப் பேச்செடுத்தா நழுவுற பொடியன "பிடி குடுக்கிறான் இல்ல" எண்டு சொல்லுவமே, அதுதான் இது. என்ர சொல்: பிடிகொடாப் புரதம்.

——

தம்பி, காரணம் சரி, "கொடா"தான் இடிக்குது, ஒருநாளும் குடுக்காது எண்டெல்லோ வரும். சிசிஆர்4 வாங்கியப் பிடிக்கிற மொகாமுலிசுமாப் 2012இலயே ஜப்பானில வந்திட்டு, ஒற்றைத் தலையிடிக்கு எரெனுமாப் 2018இல அமெரிக்காவில வந்தது, ரெண்டும் ஜிபிசிஆரப் பிடிச்ச மருந்துதானே. தமிழ்ப் புத்தகத்தில அரும்பதம் எண்டு படிச்சமே, கஷ்டமான சொல்லு ஆனா விளங்காத சொல்லு இல்ல. அப்பிடியே "அரும்பிடிப் புரதம்" எண்டு வைப்பமா?

அக்கரைப்பற்றில இருந்து அக்கா

——

ஓமக்கா, அரும்பதம் படிச்ச பிள்ளைக்கு இது உடன பிடிபடும், ஞாயிறு கிளாஸ் நோட்ஸில மாத்திறன். பிறபொருளெதிரிய மட்டும் "எதிர்ப்பான்" ஆக்கச் சொல்லாதீங்க, இஞ்ச சோதினைப் பேப்பரில வாறது பிறபொருளெதிரி எண்டுதான்.