பொருள் விளங்காமல் எடுக்கும் மதிப்பெண் வாழ்க்கைக்குப் போதுமா?

தஞ்சைவாசி:
அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கணிதத்தில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல் எடுக்கிறாள். எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழு 2எக்ஸ் என்று நொடியில் எழுதுகிறாள். அதற்கு என்ன பொருள் என்று கேட்டால், "அது சூத்திரம் அப்பா, தேர்வில் கேட்க மாட்டார்கள்" என்கிறாள். இப்படியே படித்து நல்ல வேலையில் அமர்ந்தவர்கள் பலரை அறிவேன். புரிந்து படிக்குமாறு நான் வற்புறுத்துவது தேவைதானா?

கல்லூரி ஆசிரியை:
தேவைதான். எங்கள் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக் கணிதத்தில் அரியர் வைப்போரில் பலர் பள்ளியில் மதிப்பெண்களைக் குவித்தவர்களே. பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்ததனால்தான் 2017-18இல் அவ்வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது; ஆனால் உருப்போடும் பழக்கம் அதனாலும் ஒழியவில்லை. மகளைக் கால்குலேட்டரில் 3.01ஐ வர்க்கப்படுத்தச் சொல்லுங்கள். 3இன் வர்க்கம் 9, இதற்கோ 9.0601 வரும். 0.01 கூட்டியதற்கு விடை ஏறத்தாழ 0.06 கூடியிருக்கிறது, எக்ஸ் 3 ஆகும்போது 2எக்ஸ் தரும் 6 என்பது அந்த ஆறு மடங்கே. எக்ஸ் சிறிது மாறும்போது விடை அதைப்போல் ஏறத்தாழ எத்தனை மடங்கு மாறுகிறது என்பதைச் சொல்வதே வகைக்கெழு.

துறைமுகத்தார்:
அம்மா சொல்வது அழகுதான்; ஆனால் வெற்றியைப் பற்றியல்லவா கேள்வி? இராமானுஜனை விடக் கணிதம் புரிந்தவர் யார்? கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தரானார். 1913இல் அவர் எழுதிய கடிதத்தை இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டி குப்பைக்கூடையில் போட்டிருந்தால் அந்தப் புரிதல் அவருக்கு என்ன தந்திருக்கும்? நம் ஊரில் கதவைத் திறப்பது மதிப்பெண் பட்டியல். வாய்ப்பாட்டையும் நாம் புரிந்துகொண்டா கற்றோம்? முதலில் மனப்பாடம் செய்தோம், பொருள் பிறகு வந்து சேர்ந்தது.

கல்லூரி ஆசிரியை:
வாய்ப்பாட்டைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் இராமானுஜன் தவறியது புரிந்து படித்ததனால் அன்று, மற்றப் பாடங்களைத் தொடாமல் விட்டதனால். ஹார்டியை நிமிர வைத்ததும் அவருடைய மதிப்பெண் பட்டியல் இல்லையே. இந்தப் பெண் எந்தப் பாடத்தையும் விடவேண்டியதில்லை. புதிய சூத்திரம் ஒன்று வரும்போது எண்களை இட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்கினால் மதிப்பெண் குறையாது. மனப்பாடம் தேர்வுவரை தாங்கும் என்பதை நான் மறுக்கவில்லை. கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.